டிடி: பெருவின் கதவை அடைத்தவரும் திறந்தவரும்

1957ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் திகதி. றியோ டி ஜெனெய்ரோவின் மரக்கானா விளையாட்டரங்கில் பிரேஸில் அணியும் பெரு அணியும் எதிரெதிராக நின்றன. அடுத்த ஆண்டு சுவீடனில் நடைபெறவிருந்த உலகக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிக்குச் செல்வது யார் என்பதை அந்த ஆட்டமே தீர்மானிக்க வேண்டியிருந்தது. எட்டு நாட்களுக்கு முன்னர் லீமாவில் நடைபெற்ற முதலாவது ஆட்டம் ஆளுக்கொரு கோலுடன் முடிந்திருந்தது. மரக்கானாவில் ஆட்டம் தொடங்கிப் பதினோராவது நிமிடத்தில் பிரேஸிலுக்கு ஒரு ப்ரீ கிக் கிடைத்தது. மெலிந்து உயர்ந்த, கழுத்தை நிமிர்த்தி நடக்கும் ஒரு கறுப்பின வீரர் பந்தின் அருகே வந்தார். அவர் உதைத்த பந்து பெரு வீரர்களின் தடுப்புச் சுவருக்கு மேலாக எழுந்தது. கோலுக்கு மேலாகவே போய்விடும் என்று தோன்றிய பந்து, கடைசிக் கணத்தில் மரத்திலிருந்து உதிரும் சருகைப்போலச் சரிந்து வலைக்குள் வீழ்ந்தது. ஆட்டத்தின் ஒரே கோல் அதுதான். பிரேஸில் சுவீடனுக்குச் சென்றது. பெரு வீட்டிலிருந்தது.

இன்றுவரை எல்லா உலகக் கிண்ணப் போட்டிகளிலும் பங்குபற்றிய ஒரேயொரு நாடு பிரேஸில் என்பதை வாசகர்கள் அறிவர். அந்தப் பெருமை அறுந்துபோகாமல் காத்த உதைகளுள் அதுவும் ஒன்று. ஆனால் நான் இங்கு எழுத முனைந்ததற்குக் காரணம் அதுவல்ல. அன்று பெருவின் முகத்தில் கதவை அறைந்து சாத்திய அதே மனிதர்தான், பன்னிரண்டு ஆண்டுகளின் பின்னர் பெருவின் பயிற்றுவிப்பாளராக நின்று அந்நாட்டை உலகக் கிண்ணப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். சென்ற இடத்தில் அவர் எதிர்கொள்ள நேர்ந்தது தனது தாய்நாட்டை. அவரது பெயர் வால்டிர் பெரெய்ரா. உலகம் அறிந்த பெயர் டிடி.

பிரேஸில் உதைபந்தாட்டம் என்றதும் எமது ஊர்களில் பெலே, கரிஞ்சா என்றுதான் பேச்சுத் தொடங்கும். டிடியின் பெயர் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும், சில வேளைகளில் வராமலே போகும். 1958ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியின் மிகச் சிறந்த வீரராகத் தெரிவு செய்யப்பட்டவர் பெலே அல்லர், டிடியே என்பதைச் சொன்னால் நம்ப மறுப்பவர்கள் இன்றும் உள்ளனர்.

1928ஆம் ஆண்டு ஒக்டோபர் 8ஆம் திகதி, றியோ மாநிலத்தின் காம்போஸ் என்ற கரும்பு விளையும் ஊரில் வறிய குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பதினான்கு வயதளவில் விளையாட்டின்போது வலது காலில் ஏற்பட்ட காயம் சீழ்கட்டியது. காலைத் துண்டிக்க வேண்டும் என்று வைத்தியர்கள் கருதும் அளவுக்கு நிலைமை மோசமானது. சில மாதங்கள் சக்கர நாற்காலியில் கழிந்தன. கால் தப்பியது. பிற்காலத்தில் உலகின் கோல் காப்பாளர்களை ஏமாற்றியது அந்தக் கால்தான்.

சிறிய கழகங்கள் சிலவற்றில் ஆடிய பின்னர் 1949இல் புளுமினென்ஸே கழகத்தில் சேர்ந்தார். றியோவின் மேட்டுக்குடியினரது கழகம் அது. 1914இல் அக்கழகத்துக்கு ஆடிய கலப்பினத்தவர் ஒருவர் தமது நிறத்தை மறைக்க முகத்தில் அரிசிமாப் பூசிக்கொண்டு மைதானத்தில் இறங்கினார் என்றொரு கதை உண்டு. கதை எவ்வளவு உண்மை என்பதில் கருத்து வேறுபாடு இருப்பினும், எதிரணி ரசிகர்கள் "அரிசிமா" என்று கேலி செய்ததும், பின்னர் அக்கழகத்தின் ரசிகர்களே அந்தக் கேலியைத் தமது அடையாளமாக ஏற்றுக்கொண்டதும் வரலாறு. அத்தகைய கழகத்தின் ஆட்டத்தையே இயக்குபவராக ஒரு கறுப்பின இளைஞர் வந்தமர்ந்தது சாதாரண விடயமன்று.

1950ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் திகதி, புதிதாகக் கட்டி முடிக்கப்பட்ட மரக்கானாவில் றியோவினதும் சாவோ பாவுலோவினதும் இளையோர் அணிகள் மோதின. அந்த அரங்கின் முதலாவது கோலை அடித்தவர் டிடி. ஆட்டத்தில் அவரது அணி தோற்றுவிட்டது என்பது வேறு கதை. சரியாக ஒரு மாதம் கழித்து, ஜூலை 16ஆம் திகதி, அதே புற்றரையில் உருகுவேயிடம் பிரேஸில் உலகக் கிண்ணத்தைப் பறிகொடுத்தது. அந்த அணியில் டிடி இருக்கவில்லை. ஆனால் அத்தோல்வியின் பின்விளைவு அவரையும் சேர்ந்தது. பழி கோல் காப்பாளர் பர்போசா உட்பட மூன்று கறுப்பின வீரர்கள் மீது சுமத்தப்பட்டது. நெருக்கடி வந்தால் கறுப்பினத்தவர்கள் மனம் தளர்ந்துவிடுவார்கள் என்று படித்தவர்களே பேசத் தொடங்கினர். 1954இல் சுவிற்சர்லாந்தில் ஹங்கேரியிடம் 4-2 என்று தோற்று, கைகலப்புடன் ஆட்டம் முடிந்தபோது இந்தப் பேச்சு மேலும் வலுத்தது. அந்த அணியில் டிடி இருந்தார்.

அவரது ஆட்டத்தின் இயல்பைச் சற்று விளக்க வேண்டும். அவர் ஓடி ஆடுபவர் அல்லர். களத்தின் நடுவே நின்று, தலையை உயர்த்தி, நாற்பது மீட்டருக்கு அப்பால் ஓடும் சகவீரரின் காலடியில் பந்தைக் கொண்டுசேர்ப்பவர். ஓட வேண்டியது பந்தே அன்றி ஆட்டக்காரன் அல்லன் என்பது அவர் கூற்றாகச் சொல்லப்படுவது. பயிற்சி பயிற்சிதான், ஆட்டம் ஆட்டம்தான் என்ற வாசகமும் அவருடையதே என்பர். பயிற்சி வேளைகளில் அவர் காட்டிய நிதானத்தைச் சோம்பல் என்று எழுதிய பத்திரிகைகளுக்கு அது பதில். நாடகாசிரியரும் பத்தி எழுத்தாளருமான நெல்சன் ரொட்றிகேஸ் மட்டும் அந்த நிதானத்தில் வேறொன்றைக் கண்டார். டிடிக்கு அவர் சூட்டிய பெயர் "எதியோப்பிய இளவரசன்".

சருகு உதை பிறந்த விதமும் சுவையானது. கணுக்காலில் ஏற்பட்ட காயத்தின் வலி காரணமாக வழமையான முறையில் பந்தை உதைக்க முடியாமற்போக, வலிக்காத விதமாக உதைக்கப் பழகியபோதுதான் பந்து அவ்வாறு சரிவதை அவர் கண்டார் என்பர். பிரேஸிலியர்கள் அதற்கு "காய்ந்த இலை" என்று தமது மொழியில் பெயரிட்டனர். அண்மைக்காலத்தில் ஜுனினோவும் கிறிஸ்டியானோ ரொனால்டோவும் உதைத்த ப்ரீ கிக்குகளைப் பார்த்து வியந்தோர், அந்த வித்தையின் பாட்டனார் காம்போஸ் ஊரில் பிறந்தவர் என்பதை மறத்தல் ஆகாது.

1958 சுவீடன். முதலாவது ஆட்டத்தில் ஒஸ்ரியாவுக்கு எதிராக இறங்கிய பிரேஸில் அணியில் கறுப்பினத்தவர் டிடி ஒருவரே என்று எழுதியவர்கள் உண்டு. மூன்றாவது ஆட்டத்தில், சோவியத் யூனியனுக்கு எதிராக, கரிஞ்சாவும் பதினேழு வயதுப் பெலேயும் இறக்கப்பட்டனர். மூன்றாவது நிமிடத்திலேயே டிடி அனுப்பிய பந்தை வாவா கோலாக்கினார். அந்நாளில் பிரேஸில் நான்கு, இரண்டு, நான்கு என்ற அமைப்பில் ஆடியது. அதாவது முழு மத்தியகளத்தையும் இருவர் மட்டுமே சுமக்க வேண்டும். பக்கத்தில் ஸிட்டோ ஓடி உழைக்க, டிடி சிந்தித்தார். அரையிறுதியில் பிரான்ஸுக்கு எதிராகத் தூரத்திலிருந்து சருகு உதையால் ஒரு கோலும் அடித்தார்.

ஜூன் 29ஆம் திகதி இறுதியாட்டம். எதிரணி போட்டியை நடத்திய சுவீடன். முதலில் ஒரு கோல் வாங்கினால் பிரேஸிலியர்கள் பதறிவிடுவார்கள் என்று சுவீடனின் ஆங்கிலேயப் பயிற்றுவிப்பாளர் ஜோர்ஜ் ரெய்னர் ஆட்டத்துக்கு முன்னரே கூறியிருந்தார். நான்காவது நிமிடத்தில் லீட்ஹோம் கோல் அடித்தார். 1950உம் 1954உம் மீண்டும் வந்து நின்ற கணம் அது.

டிடி வலைக்குள் சென்று பந்தை எடுத்தார். கையில் ஏந்தியபடி கோலிலிருந்து களத்தின் நடுப்பகுதிக்கு நடந்தார். ஓடவில்லை. விரைந்து வா என்று சகவீரர்கள் பதறினர் என்றும், அவர்களுக்கு ஆறுதலும் அதட்டலும் கலந்து ஏதோ கூறியபடி அவர் நடந்தார் என்றும் அன்று ஆடியவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கின்றனர். என்ன கூறினார் என்பதற்கு ஆளுக்கொரு பாடம் உண்டு. நடந்தார் என்பதில் மட்டும் எவருக்கும் ஐயமில்லை. ஐம்பது மீட்டருக்குச் சற்றே கூடிய தூரம் அது. உதைபந்தாட்ட வரலாற்றில் பந்தைக் காலால் தொடாமல் செய்யப்பட்ட மிகப் பெரிய காரியம் அந்த நடைதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஒன்பதாவது நிமிடத்தில் வாவா கோலைத் திருப்பினார். ஆட்டம் 5-2 என்று முடிந்தது. நெருக்கடியில் தளர்ந்துவிடுவார்கள் என்று எழுதியவர்கள் தமது பேனாக்களை எங்கே ஒளித்தனரோ தெரியவில்லை.

வெற்றியின் விளைவாக 1959இல் றியல் மட்ரிட் கழகம் அவரை வாங்கியது. அங்கு ஏற்கனவே ஓர் அரசர் இருந்தார். ஆட்டம் தம் வழியாகவே செல்ல வேண்டும் என்று கருதிய அல்பிரெடோ டி ஸ்டெபனோவும், பந்து தம் வழியாகவே செல்ல வேண்டும் என்று பழகிய டிடியும் ஒரே களத்தில் பொருந்தவில்லை. ஓராண்டில் அவர் தமது பழைய பொட்டாபோகோ கழகத்துக்கே திரும்பினார். 1962இல் சிலியில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டிக்கு ஸ்பெயினின் அணியில் டி ஸ்டெபனோ சென்றிருந்தார். ஆனால் காயம் காரணமாக ஓர் ஆட்டத்திலும் ஆடவில்லை. பிரேஸிலிடம் ஸ்பெயின் 2-1 என்று தோற்று வெளியேறியதை அவர் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. பெலே காயமுற்ற அந்தப் போட்டியிலும் பிரேஸிலே வென்றது. முப்பத்து மூன்று வயதில் டிடி இரண்டாவது தடவையாக உலகக் கிண்ணம் பெற்றார்.

பெரு நாட்டுடனான அவரது உறவு 1960களில் லீமாவின் ஸ்போர்ட்டிங் கிறிஸ்டால் கழகத்தின் மூலமாக வளர்ந்தது. 1968இல் அக்கழகம் அவரது பயிற்சியில் பெருவின் சம்பியனானது. அதன் தொடர்ச்சியாகவே தேசிய அணி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1957இல் தமது அணியை வீழ்த்திய காலை அந்நாட்டவர்கள் மறந்திருக்க முடியாது. மறக்காததாலேயே அழைத்தனர் போலும்.

பெரு அதுவரையில் ஒரேயொரு உலகக் கிண்ணப் போட்டியில் மட்டுமே பங்குபற்றியிருந்தது. தகுதிகாண் ஆட்டங்களே இல்லாத 1930இல் அழைப்பின் பேரில் உருகுவே சென்றதே அது. 1969இல் அதே பிரிவில் பொலிவியாவும் ஆர்ஜென்டினாவும் இருந்தன. லீமாவில் ஆர்ஜென்டினாவை 1-0 என்று வென்ற பெரு, லா பாஸில் பொலிவியாவிடம் தோற்றது. லீமாவில் பொலிவியாவை 3-0 என்று வென்றது. ஓகஸ்ட் 31ஆம் திகதி புவனஸ் அயர்ஸில் கடைசி ஆட்டம். சுவர்கள் செங்குத்தாக நெருங்கி நிற்கும், எதிரணியின் காதுகளில் கூச்சல் இடியாக இறங்கும் பொம்பொனேரா அரங்கை ஆர்ஜென்டினா தெரிவு செய்தது. அங்கு பெருவின் ஒஸ்வால்டோ ரமிரெஸ் இரண்டு கோல்களை அடித்தார். ஆட்டம் 2-2 என்று சமநிலையில் முடிய, பெரு மெக்ஸிகோவுக்குத் தகுதி பெற்றது. தகுதிகாண் ஆட்டங்களில் தோற்று ஆர்ஜென்டினா உலகக் கிண்ணத்தை இழந்தது அந்த ஒரு தடவை மட்டுமே.

டிடி உருவாக்கிய அந்த அணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பின்களத்தில் ஹெக்டர் சும்பிடாஸ் என்ற கற்றூண். மத்தியகளத்தில் சாயேயும் மிப்ளினும். முன்னால் கையார்டோ, லெயோன், சோட்டில். இவர்களுக்கிடையே இருபத்தொரு வயதுத் தெயோபிலோ குபியாஸ். பந்தைக் குறுகிய தூரத்தில் கைமாற்றி, தாளம் தவறாமல் முன்னேறுவதே அவர்களது முறை. தற்காப்பில் ஓட்டைகள் இருந்தன. டிடி அதனை அறியாதவர் அல்லர். ஆனால் அடைப்பதற்கு அவர் பெரிதாக முயன்றதாகத் தெரியவில்லை. எதிரணியைவிட ஒரு கோல் அதிகமாக அடித்தாற் போதும் என்பதே அவரது கணக்கு.

1970ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மெக்ஸிகோ சிட்டியில் உலகக் கிண்ணப் போட்டி தொடங்கிய நாள். அதே நாள் பிற்பகலில் பெருவின் அன்காஷ் பிரதேசத்தைப் பெரும் பூகம்பம் உலுக்கியது. வாஸ்கரான் மலைமுகட்டிலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும் சேறும் யுங்காய் என்ற நகரத்தையே மூடிவிட்டன. இறந்தோர் தொகை ஏறத்தாழ 70,000 என்று பின்னர் மதிப்பிடப்பட்டது. இரண்டு நாட்களின் பின்னர், அழிவின் முழு விபரமும் தெரிந்திராத நிலையில், பல்கேரியாவுக்கு எதிராக லெயோன் நகரில் பெரு அணி களமிறங்க வேண்டியிருந்தது. வீரர்களின் கைகளில் கறுப்புப் பட்டிகள். மனங்கள் எங்கிருந்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இடைவேளையின்போது பல்கேரியா 1-0 என்று முன்னணியில் இருந்தது. இடைவேளை முடிந்து சில நிமிடங்களில் 2-0. அடுத்த நிமிடமே கையார்டோ ஒரு கோல் அடித்தார். டிடி சோட்டிலைக் களத்திலிறக்கினார். மாற்று வீரர்களை இறக்க அனுமதி வழங்கப்பட்ட முதலாவது உலகக் கிண்ணம் அது. சும்பிடாஸ் ஒரு ப்ரீ கிக்கில் சமநிலை செய்தார். எழுபத்து மூன்றாவது நிமிடத்தில் குபியாஸ் தனியொருவராகப் பந்தைக் கொண்டுசென்று மூன்றாவது கோலை அடித்தார். பெரு 3-2 என்று வென்றது.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979இல்தான். ஆகவே அந்த ஆட்டம் அன்று எமக்குப் பத்திரிகையில் வந்த சில வரிகள் மட்டுமே. பல ஆண்டுகளின் பின்னர் ஒளிநாடாவில் பார்த்தபோது எனது கண் தேடியது கோல்களை அன்று. இரண்டு கோல் பின்தங்கியிருந்த வேளையிலும் பெரு வீரர்கள் பந்தை உயர்த்தி அடித்துவிட்டு ஓடவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பந்து காலுக்குக் கால் சென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்டொக்ஹோமில் நடந்து சென்றவர் பக்கத்தில் அமர்ந்திருந்தார் என்பது தெரிந்து பார்ப்பவனுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம். இருந்தாலும் அந்த எண்ணத்தை என்னால் உதற முடியவில்லை.

மொரோக்கோவை 3-0 என்று வென்று, மேற்கு ஜேர்மனியிடம் 3-1 என்று தோற்று, பெரு காலிறுதிக்கு வந்தது. ஜூன் 14ஆம் திகதி குவாடலஹாராவில் அவர்களுக்குக் கிடைத்த எதிரணி பிரேஸில்.

எதிர்ப்பக்கத்தில் பயிற்றுவிப்பாளராக இருந்தவர் மாரியோ சகாலோ. 1958இலும் 1962இலும் டிடியுடன் ஆடியவர், பொட்டாபோகோ கழகத்திலும் தோழர். அப்பதவியில் மூன்று மாதங்களுக்கு முன்னர் வரை இருந்தவர் ஜோவாவோ சல்டானா. அவர் எமது தொழிலைச் சேர்ந்தவர், பத்திரிகையாளர். 1957இல் பொட்டாபோகோவின் பயிற்றுவிப்பாளராக இருந்து டிடியை ஆட்டுவித்தவரும் அவரே. ஆக, அந்த ஆட்டம் இரு நாடுகளுக்கிடையிலானது என்பதைவிட ஒரே வீட்டின் இரண்டு அறைகளுக்கிடையிலானது எனலாம். மஞ்சள் உடையில் டிடியின் பழைய இடத்தில் நின்று பந்தைப் பகிர்ந்தவர் ஜெர்சன்.

பதினைந்து நிமிடங்களுக்குள் ரிவெலினோவும் டொஸ்டாவோவும் கோல் அடித்தனர். கையார்டோ ஒன்றைத் திருப்பினார். இடைவேளையின் பின்னர் டொஸ்டாவோ மீண்டும் அடிக்க 3-1. எழுபதாவது நிமிடத்தில் குபியாஸ் அடித்தபோது 3-2. அரங்கில் ஒரு சலசலப்பு எழுந்தது. ஐந்து நிமிடங்களில் ஜைர்சினோ அதனை அடக்கினார். முடிவு 4-2.

அந்த உலகக் கிண்ணத்தில் பிரேஸிலுக்கு எதிராக இரண்டு கோல்கள் அடித்த அணிகள் இரண்டுதான். மற்றையது ருமேனியா. பிரேஸிலைப் பூட்டிவைத்து ஆட முயன்றிருந்தால் பெருவுக்கு வாய்ப்பு அதிகமாக இருந்திருக்குமா என்ற விவாதம் அன்றே எழுந்தது. இருந்திருக்கலாம். தன் நாட்டுக்கு எதிராகப் பூட்டு ஆட்டம் ஆட டிடியால் முடிந்திருக்காது என்று குறைகூறியவர்களும் உளர். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் பல்கேரியாவுக்கு எதிராகவும் ஜேர்மனிக்கு எதிராகவும் அப்படித்தான் ஆடுவித்தார். அந்தப் போட்டி முழுவதிலும் ஒரு மஞ்சள் அட்டைகூடப் பெறாத ஒரே அணி பெரு. நன்னடத்தைக்கான விருதும் அவர்களுக்கே கிடைத்தது.

அதன் பின்னர் அவர் பல நாடுகளுக்குச் சென்றார். 1971இல் ஆர்ஜென்டினாவின் ரிவர் பிளேட். 1972 முதல் துருக்கியின் பெனர்பாச்சே. அங்கு 1974இலும் 1975இலும் தொடர்ச்சியாக லீக் சம்பியன் பட்டம். பின்னர் ரிவெலினோ ஆடிய புளுமினென்ஸே, அப்புறம் சவூதி அரேபியாவின் அல் அஹ்லி. ஓரிடத்திலும் நீண்டகாலம் தங்கவில்லை. பிரேஸில் தேசிய அணி மட்டும் ஒருபோதும் அவரிடம் ஒப்படைக்கப்படவில்லை. சகாலோவுக்குக் கிடைத்தது, அவர் வென்றும் காட்டினார், அதில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் களத்தில் முழு அணியையும் சிந்தித்து நடத்திய கறுப்பின வீரரை, களத்துக்கு வெளியே அவ்விடத்தில் இருத்திப் பார்க்கப் பிரேஸிலின் நிருவாகிகளுக்கு மனம் வரவில்லை என்பது கண்ணில் படாமல் போகாது. அரிசிமாவின் காலம் முடிந்துவிட்டது என்று சொல்வது எளிது.

2001ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி றியோ டி ஜெனெய்ரோவில் டிடி காலமானார். வயது 72. எமது பத்திரிகைகளில் அது ஒரு சிறு செய்தி. "முன்னாள் பிரேஸில் வீரர்" என்ற தலைப்பில் பெருவின் பெயர் இல்லை.

1975இல் பெரு தென்னமெரிக்கக் கிண்ணத்தை வென்றபோது டிடி அங்கு இருக்கவில்லை. ஆனால் சும்பிடாஸ், குபியாஸ், சோட்டில் இருந்தனர். 1978இல் ஆர்ஜென்டினாவில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியிலும் பெரு ஆடியது. ஜூன் 3ஆம் திகதி கொர்டோபாவில் ஸ்கொட்லாந்துடன் முதலாவது ஆட்டம். பெரு 2-1 என்று முன்னணியில் இருந்த வேளையில், கோலுக்குச் சற்று இடப்புறமாக ஒரு ப்ரீ கிக் கிடைத்தது. இடது காலால் வளைத்து உதைக்க வேண்டிய கோணம் அது. குபியாஸ் வலது காலுடன் ஓடிவந்து, பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தைத் தட்டினார். ஸ்கொட்லாந்து வீரர்களின் சுவருக்கு மேலாக எழுந்த பந்து, வெளியே போவதுபோலச் சென்று, திரும்பிச் சரிந்து வலைக்குள் வீழ்ந்தது. கோல் காப்பாளர் அலன் ரவ் பந்தை எட்டவேயில்லை.